புகையூட்டும்போது மின்தடை: பெல்லட் கிரில்லில் பாதியில் நின்ற பிரிஸ்கெட்டை என்ன செய்வது?

கேட்டி வாசி | காலை 6:52

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வசிக்கிறேன். நேற்று இரவு 10 மணிக்கு, 13 பவுண்டு எடையுள்ள முழு பிரிஸ்கெட்டை (மாட்டின் மார்புக் கறி), மரத்துகள் குச்சிகளை எரித்துச் சமைக்கும் பெல்லட் கிரில்லில் 225 டிகிரியில் ஏற்றினேன். (நம் கருவிகள் காட்டும் ஃபாரன்ஹீட்டிலேயே எல்லாவற்றையும் தருகிறேன்.) நள்ளிரவுக்குப் பிறகு இடியும் காற்றுமாக இருந்தது. காலை 6:30க்கு எழுந்து பார்த்தபோது கிரில் அணைந்திருந்தது, திரையில் தொடக்க நிலைக் குறி மட்டும் தெரிந்தது.

செயலியில் கடைசிப் பதிவு 3:10 மணிக்கு. அப்போது இறைச்சியின் மையம் 151 டிகிரி. சமையலறை அவன் அடுப்பின் கடிகாரம் 1:20 என்று மின்னிக்கொண்டிருந்தது. மின்சாரம் திரும்பியதும் அது 12:00இலிருந்து ஓடத் தொடங்கும் என்பதால், ஏறத்தாழ 5:10க்கு மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறேன். மின்சாரம் வந்தும் கிரில் தானாகத் தொடங்கவில்லை. ஆக, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக இறைச்சி தீயில்லாமல் மூடிக்குள் இருந்திருக்கிறது.

இப்போது பாயின்ட் எனும் தடித்த பகுதியின் நடுவில் 131 காட்டுகிறது. மதியம் விருந்தினர் வருகிறார்கள். உடனே பொத்தானை அழுத்தி மீண்டும் பற்றவைத்துச் சமையலைத் தொடரலாமா?

உலைக்களம் | காலை 6:58

அழுத்தாதீர்கள். இறைச்சியைப் பற்றிய முடிவை மற்றவர்கள் வந்து சொல்லட்டும், முதலில் நெருப்பின் நிலையைப் பார்க்க வேண்டும். மூடியை முழுவதும் திறந்து வையுங்கள். இறைச்சியை ஒரு தட்டுக்கு மாற்றுங்கள். பிறகு கம்பி வலை, கொழுப்பு வடியும் தட்டு, அதன் கீழுள்ள வெப்பத் தடுப்புத் தகடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நெருப்புக் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெல்லட் கிரில்லில் நெருப்பு உயிரோடு இருப்பதற்கு இரண்டு மோட்டார்கள் சேர்ந்து ஓட வேண்டும்: ஹாப்பர் என்ற சேமிப்புத் தொட்டியிலிருந்து மரத்துகள் பெல்லட்டுகளைத் தள்ளிவரும் ஆகர் என்ற திருகுதண்டு, கிண்ணத்துக்குள் காற்றை ஊதும் விசிறி. மின்சாரம் போகும் நொடியில் இரண்டும் நிற்கின்றன, ஆனால் நெருப்பு அந்த நொடியில் அணைவதில்லை. கிண்ணத்தில் ஏற்கெனவே விழுந்த பெல்லட்டுகள் காற்றுக் குறைவில் புகைந்துகொண்டே இருக்கும், அந்தச் சூடு எதிர்த்திசையில் ஆகர் குழாய்க்குள் மெல்ல ஏறும். சாதாரணமாக நாம் கிரில்லை நிறுத்தும்போது விசிறி மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, மிச்சமிருக்கும் பெல்லட்டை எரித்துத் தீர்ப்பது இதைத் தவிர்ப்பதற்காகத்தான். மின்தடையில் அந்த நிறுத்தச் சுழற்சி நடப்பதே இல்லை.

இந்த நிலையில் பொத்தானை அழுத்தினால் கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்குவதாகவே நினைத்துக்கொள்ளும். பாதி நிறைந்த கிண்ணத்தில் இன்னொரு தொடக்க அளவு பெல்லட்டைக் கொட்டும், பற்றவைப்புக் கம்பியைச் சூடாக்கும். மூடி மூடியிருக்கும் நிலையில் அடர்ந்த வெள்ளைப் புகை உள்ளே தேங்கி, திடீரெனத் தீப்பற்றும்போது மூடியையே தூக்கி எறியும் அளவுக்கு வெடிக்கக்கூடும். ஆகவே கிண்ணத்தைக் காலி செய்யாமல் மறுபடி பற்றவைக்கவே கூடாது.

ஹாப்பரின் அடிப்பகுதியை வெளியிலிருந்து புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ ஹாப்பர் மூடியின் இடுக்கில் புகை வந்தாலோ உடனே எழுதுங்கள்.

கேட்டி வாசி | காலை 7:10

ஹாப்பர் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, அண்ணா. கிண்ணத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை பெல்லட் இருக்கிறது. மேலே உள்ளவை நிறம் மாறவில்லை, அடியில் கருகியிருக்கின்றன. லேசான கரி வாசனை வருகிறது, புகை தெரியவில்லை. சாம்பலுக்கான வாக்குவம் இருக்கிறது, அதனால் உறிஞ்சிவிடலாமா?

உலைக்களம் | காலை 7:14

வேண்டாம். மேலே சாம்பல் ஆறியிருப்பதுபோல் தெரிந்தாலும் அடியில் கனல் இருக்கலாம். அது வாக்குவத்தின் வடிகட்டிக்குள் போனால் அங்கே காற்று கிடைத்துப் பற்றிக்கொள்ளும். ஓர் உலோகக் கரண்டியால் அள்ளி, மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்தும் மரத் தரையிலிருந்தும் தள்ளி, கான்கிரீட்டின் மேல் வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் ஊற்றலாம், கிரில்லுக்குள் ஊற்றாதீர்கள். நீர் பட்ட பெல்லட் உப்பி மரத்தூளாக உதிரும். அது ஆகர் குழாய்க்குள் காய்ந்து இறுகிவிட்டால், தண்டையே கழற்றாமல் எடுக்க முடியாது.

கிண்ணம் காலியானதும் ஆகர் வாயில் தெரியும் பெல்லட்டைப் பாருங்கள். அவையும் கருகியிருந்தால் நெருப்பு பின்னோக்கி நகரத் தொடங்கியிருந்தது என்று பொருள். அந்தக் கருகிய பகுதி வெளியே வந்து விழும்வரை, மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு ஆகரை மட்டும் ஓட்டி வெளியேற்ற வேண்டும்.

நுண்ணுயிரி | காலை 7:21

உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இறைச்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். 131 என்பது மிகத் தடிமனான இடத்தின் நடுவில் எடுத்த அளவு, அது கடைசியாக ஆறும் இடம். ஃபிளாட் எனும் மெல்லிய பகுதியில் மேற்பரப்பிலிருந்து அரை அங்குல ஆழத்தில் என்ன காட்டுகிறது? நீங்கள் மூடியைத் திறந்தபோது கிரில் உட்புறத்தின் வெப்பநிலை என்ன? இறைச்சிக்குள் ஊசியால் ஏதேனும் செலுத்தியிருந்தீர்களா? விருந்தினரில் கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள் இருக்கிறார்களா?

கேட்டி வாசி | காலை 7:29

ஃபிளாட்டில் அரை அங்குல ஆழத்தில் 112, அக்கா. திறந்தபோது உட்புறம் 96 காட்டியது. முந்தைய மாலை மாட்டெலும்புச் சாற்றை ஊசியால் செலுத்தியிருந்தேன். விருந்தினரில் ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி, மற்றும் என் மாமனார், மாமியார்.

நுண்ணுயிரி | காலை 7:46

அப்படியானால் என் பரிந்துரை: இந்த இறைச்சியை விருந்துக்கு வைக்காதீர்கள். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் வெப்பநிலை வேறாக இருந்திருந்தால் முடிவும் வேறாக இருந்திருக்கும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 40 முதல் 140 டிகிரி வரையுள்ள இடைவெளியை ஆபத்து மண்டலம் என்கிறது. உணவு அந்த மண்டலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சுற்றுப்புறம் 90 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். புகையூட்டும் இறைச்சி இந்த மண்டலத்தை ஒருமுறை மேல்நோக்கிக் கடக்கிறது. உங்கள் பிரிஸ்கெட் அதைச் சரியாகவே கடந்தது. 151ஐ எட்டியபோது, ஊசியால் உள்ளே போன கிருமிகளும் மேற்பரப்பில் இருந்தவையும் பெரும்பாலும் அழிந்திருக்கும். அதன் பிறகும் பிழைத்திருப்பவை வித்துகள். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சமையல் சூட்டைத் தாங்கிக்கொண்டு, சூடு குறையும்போது முளைக்கின்றன. 109 முதல் 117 டிகிரி வரை அதற்கு மிக உகந்த இடம், அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வேகம் அதற்கு உண்டு. உங்கள் ஃபிளாட் காட்டிய 112 அந்த இடைவெளிக்கு உள்ளேயே இருக்கிறது.

மூடியைத் திறக்காமல் வைத்தால் சூடு நிற்கும் என்பது முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குப் பொருந்தும். அதற்கு மேல், தகட்டுச் சுவர் கொண்ட கிரில் ஒன்று ஜூலை மாத ஹூஸ்டன் இரவில் இறைச்சியைச் சூடாகவும் வைப்பதில்லை, குளிரவும் விடுவதில்லை. உணவகங்களுக்கான அமெரிக்க உணவு விதித்தொகுப்பு, சமைத்த உணவை 135இலிருந்து 70 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 41க்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் குளிர்விக்கச் சொல்கிறது. வேகமாகக் குளிர்வதே அங்கு நோக்கம். மூடிக்குள் 96இல் கிடக்கும் இறைச்சிக்கு அந்த வேகம் ஒருபோதும் கிடைக்காது.

மெஸ்கீட் | காலை 8:05

மரியாதையுடன் மாறுபடுகிறேன். இந்த பிரிஸ்கெட் இன்னும் பாதிதான் வெந்திருக்கிறது. அவர் அதை மீண்டும் சூடாக்கி, பிரிஸ்கெட் மென்மையாக வெந்து முடியும் 203 வரை கொண்டுபோகப்போகிறார். அந்தச் சூட்டில் பெர்ஃபிரிஞ்சன்ஸ் நுண்ணுயிரி உயிரோடு இருக்காது. அது இறைச்சியில் நஞ்சை உண்டாக்கி வைப்பதும் இல்லை, உயிருள்ள நுண்ணுயிரிகள் மிகுதியாக வயிற்றுக்குள் போனபின் குடலில்தான் நஞ்சு உருவாகிறது. சூட்டைத் தாங்கும் நஞ்சை உருவாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு நுண்ணுயிரி, மேற்பரப்பு 150ஐத் தாண்டியபோதே அழிந்திருக்கும். நான் தனியாக இருந்து, எனக்காக மட்டும் சமைத்திருந்தால், இதை வேகவைத்துச் சாப்பிட்டிருப்பேன்.

நுண்ணுயிரி | காலை 8:24

நீங்கள் சொன்ன அறிவியல் சரியானது, அதை மறுக்கவில்லை. மறுசூட்டில் பெர்ஃபிரிஞ்சன்ஸ் அழியும். ஆனால் மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுத்தூள் எல்லாம் சேர்ந்த மேல்பூச்சில் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருப்பது இயல்பு. அது உருவாக்கும் நஞ்சுகளில் ஒன்று, 203 டிகிரியில் பல மணி நேரம் வைத்தாலும் சிதைவதில்லை. அது பெரும்பாலும் சோறு போன்ற மாவுச்சத்து உணவுகளில்தான் காணப்படுகிறது என்பதும் உண்மையே. ஆகவே ஆபத்து நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. அதை வீட்டில் அளக்க வழியில்லை, முகர்ந்தும் சுவைத்தும் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். உங்களுக்காக நீங்கள் ஏற்கும் துணிவை, கர்ப்பிணி ஒருவருக்காகவும் முதியவர்களுக்காகவும் நாம் ஏற்க முடியாது.

வேறு நிலைகளையும் எழுதிவிடுகிறேன், பின்னர் தேடி வருபவர்களுக்கு உதவும். மின்சாரம் அரை மணி நேரத்தில் திரும்பி, அரை அங்குல ஆழத்தில் 140க்கு மேல் இருந்திருந்தால், தயக்கமின்றித் தொடரச் சொல்லியிருப்பேன். ஏற்றிய ஒரு மணி நேரத்திலேயே, மையம் 70இல் இருக்கும்போது தடை ஏற்பட்டால் நிலை இன்னும் நுட்பமானது. ஊசி போடாத முழுத்தசை என்றால் உட்புறத்தில் கிருமிகள் மிகக் குறைவு, மேற்பரப்புதான் கவலை. ஊசி போட்டதும், அரைத்த இறைச்சியும், சுருட்டிக் கட்டியதும் அப்படியல்ல, அவற்றில் மேற்பரப்பின் கிருமிகள் உள்ளே போய்விட்டன. கோழிக்கும் சாசேஜுக்கும் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். உடனே வேறொரு தீக்கு மாற்ற வேண்டும், கோழி 165ஐயும் அரைத்த மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி 160ஐயும் எட்ட வேண்டும்.

இன்னொன்று. பாதி வெந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் முடிக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. வேளாண்மைத் துறை இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. பாதி வெந்த இறைச்சி ஒரு தீயிலிருந்து இன்னொரு தீக்கு இடைவெளியின்றிப் போக வேண்டும்.

கேட்டி வாசி | காலை 8:33

முடிவு செய்துவிட்டேன். விருந்துக்குக் கடையில் வேறு இறைச்சி வாங்கிக் கரி அடுப்பில் சுடுகிறேன். பிரிஸ்கெட் குப்பைக்குப் போகிறது. மனம் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் அக்கா எழுதிய கடைசி வரிகளுக்குப் பின் எனக்கு ஐயம் இல்லை.

இழையைத் தொடர்ந்து நடத்துவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே மின்தடை அரிதான நிகழ்வு அல்ல. 2024 மே 16 அன்று அடித்த சூறைக்காற்றிலும், அதே ஆண்டு ஜூலை 8 அன்று கரையேறிய பெரில் புயலிலும் ஹூஸ்டன் வட்டாரம் இருளில் கிடந்தது. பெரிலின்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தன. அடுத்த முறைக்கு எதை வாங்கி வைப்பது?

மின்னோட்டம் | காலை 9:40

மின் பொறியாளன் என்ற முறையில் எழுதுகிறேன். பெல்லட் கிரில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைப் பலர் மிகையாகவே நினைக்கிறார்கள். பற்றவைக்கும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் கம்பி சூடாக வேண்டியிருப்பதால் ஏறத்தாழ 300 வாட் போகும். அதன் பிறகு விசிறி, ஆகர் மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து சராசரியாக 50 வாட் அளவில் நிற்கும். சமையல் சூட்டைத் தருவது மரம், மின்சாரம் அதை ஊட்டும் வேலையை மட்டுமே செய்கிறது.

இதை வைத்துக் கணக்கிடலாம். கணினிக்கு வைக்கும் 1500 விஏ யூபிஎஸ் பலவற்றில் 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு இருக்கும், பெயரளவில் 216 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்தால் 50 வாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக வரலாம், பேட்டரி பழசாக இருந்தால் வெகுவாகக் குறையும். நேற்றைய இரண்டு மணி நேரத் தடையை அது தாண்டியிருக்கும். ஓர் இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரத்துக்கு, 600 வாட்-மணி தேவை. 1000 வாட்-மணி கொண்ட, தூக்கிச் செல்லக்கூடிய லித்தியம் மின்நிலையப் பெட்டி ஒன்று இழப்புகள் போகவும் அதைத் தாராளமாகத் தாங்கும். உங்கள் கிரில்லின் உண்மையான இழுப்பைத் தெரிந்துகொள்ள, பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு முழுச் சமையலுக்கு மாட்டிவையுங்கள்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, அது தூய சைன் அலை, அதாவது சுவர் மின்சாரம்போன்ற சீரான அலை, தர வேண்டும். ஊரில் மின்வெட்டுக் காலத்தில் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மின்விசிறி 'உம்' என்று இரைந்துகொண்டே சூடானதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். மாறுமின்னோட்ட மோட்டார் கொண்ட ஆகரிலும் அதேதான் நடக்கும், அதுவும் இரவு முழுக்க. இரண்டாவது, சுவர் மின்சாரத்துக்கும் கிரில்லுக்கும் நடுவில் எப்போதும் இணைத்தே வைக்கக்கூடியதாகவும், தடை வந்ததும் சில பத்து மில்லிநொடிகளுக்குள் தானாக மாறுவதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் கன்ட்ரோலர் தடையை உணராமல் ஓடும், நீங்கள் தூக்கத்தில் இருந்தாலும் கவலையில்லை. மூன்றாவது, சில பெட்டிகள் இழுப்பு குறைவாக இருந்தால் சிக்கனம் கருதி வெளியீட்டைத் தாமே அணைத்துவிடும். 50 வாட்டுக்கு அது நடக்க வாய்ப்பு குறைவுதான், என்றாலும் அந்த அமைப்பை அணைத்து வையுங்கள்.

காரின் சிகரெட் சாக்கெட்டில் செருகும் சிறு இன்வெர்ட்டர் 120 அல்லது 150 வாட்டோடு நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கிரில்லை அது தாங்கும், பற்றவைக்க அதனால் முடியாது.

பனிக்காற்று | காலை 10:15

டல்லாஸில் மின்சூடேற்றியுள்ள பெட்டி வகைப் புகைக்கருவி வைத்திருக்கிறேன். மேலே சொன்ன கணக்கு எனக்குப் பொருந்துமா? என்னுடையது 800 வாட் என்று எழுதியிருக்கிறது.

மின்னோட்டம் | காலை 10:22

பொருந்தாது. உங்கள் கருவியில் சூட்டைத் தருவதே மின்சாரம்தான். சிறிய யூபிஎஸ் அதன் முன் சில நிமிடங்கள்கூட நிற்காது, 1000 வாட்-மணிப் பெட்டியும் சூடேற்றி அணைந்து அணைந்து எரிவதைப் பொறுத்துச் சில மணி நேரம்தான் தரும். மறுபுறம், உங்களிடம் பின்னோக்கி எரியும் நெருப்பு கிடையாது, பெட்டியின் சுவரில் காப்பும் இருக்கிறது. நீங்கள் கதவை மூடிவைத்து, இறைச்சியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, தடை நீண்டால் வேறொரு தீக்கு மாற்றத் தயாராக இருப்பதே சரியான வழி. மின்சாரம் திரும்பினாலும் பெரும்பாலான டிஜிட்டல் வகைகள் தாமாகத் தொடங்காது, போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

வாணலி | காலை 10:50

வேறொரு தீ எது என்பதைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் கையில் இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

எரிவாயு அவன் இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். இக்கால எரிவாயு அவன்கள் பலவற்றில் மின்சாரத்தால் சிவக்கும் கம்பி ஒன்றுதான் வாயுவைத் திறந்து பற்றவைக்கிறது, ஆகவே மின்தடையில் அவன் வேலை செய்யாது. மேலே உள்ள அடுப்புகளைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். அதுவே போதும். புகையின் சுவை இறைச்சியில் ஏறுவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான், உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் இறைச்சி 140ஐத் தொடும் அளவில் உருவாகி முடிந்துவிடுகிறது. ஐந்து மணி நேரம் புகைந்த பிரிஸ்கெட்டில் மீதமிருப்பது கொலாஜன் என்ற கடினமான இணைப்புத் திசு உருகும் வேலை. அதற்கு மரப்புகை தேவையில்லை, ஈரமும் சூடும் நேரமும் இருந்தால் போதும்.

ஆகவே சூடு இறங்குவதற்கு முன்பே தடையைக் கண்டுபிடித்துவிட்டால், பாயின்ட்டையும் ஃபிளாட்டையும் பிரித்து, பெரிய துண்டங்களாக நறுக்கி, வடிந்த சாற்றோடு ஒரு குவளை நீர் சேர்த்து, நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் ஏற்றிவிடுங்கள். ஆவி கட்டியபின் ஒரு மணி நேரத்தில் பஞ்சுபோல் வந்துவிடும். மேல்பொருக்கு மென்மையாகிவிடும், அதை மறைக்க முடியாது. கடைசியில் வார்ப்பிரும்புக் கல்லில் மேற்பக்கத்தைச் சுட்டெடுத்தால் ஓரளவு திரும்பும். டெக்சஸ் முறையில் தாம்பாளத்தில் நீளமாகச் சீவி வைக்கும் பிரிஸ்கெட் அது ஆகாது, ஆனால் ரொட்டிக்கு நடுவில் உதிர்த்து வைப்பதற்கு மிக நன்றாக இருக்கும்.

பன்றித் தோள்கறிக்கு இந்த வழி இன்னும் பொருத்தமானது, எப்படியும் உதிர்க்கப்போகிறோம். கோழியைக் கரி அடுப்புக்கே மாற்றுங்கள்.

வெந்து முடிந்தபின் தடை வந்தால் கவலையே இல்லை. பட்சர் பேப்பரிலும் (இறைச்சி சுற்றும் தடித்த தாள்) அலுமினியத் தாளிலும் சுற்றி, பழைய துண்டுகளில் பொதிந்து, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினால், பல மணி நேரம் 140க்கு மேலேயே நிற்கும்.

கரிக்கட்டை | காலை 11:30

ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன், இது இறைச்சியைவிடப் பெரிய விஷயம். புயலும் மழையுமாக இருக்கும்போது, கிரில்லையோ கரி அடுப்பையோ கராஜுக்குள் இழுத்துச் சமைக்கத் தோன்றும். கராஜ் கதவு முழுவதும் திறந்திருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுவதும் உறைந்து மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, வீட்டுக்குள்ளும் கராஜிலும் கார், ஜெனரேட்டர், கரி அடுப்பு ஆகியவற்றை இயக்கியதால் நூற்றுக்கணக்கானோர் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளானார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை சன்னலை நோக்காதபடி வைக்க வேண்டும்.

சூட்டைக் காக்கிறேன் என்று புகைந்துகொண்டிருக்கும் கிரில்லின் மேல் கம்பளியோ போர்வையோ போடுவதும் தீ விபத்தில் முடியும். அதற்கென்றே செய்த தீப்பிடிக்காத காப்புறைகள் விற்கின்றன, அவை மட்டுமே தகும்.

செராமிக் கமாடோ என்ற தடித்த சுவருள்ள கரி அடுப்பில் மின்விசிறிக் கட்டுப்பாடு மாட்டியிருப்பவர்களுக்கு வேலை எளிது. கீழ்க்காற்று வாயில் விசிறியைக் கழற்றிவிட்டு, தகட்டை ஒரு விரற்கடை திறந்து, மேல் வாயைச் சிறிது திறந்து வைத்தால், தடித்த சுவர் சூட்டை வைத்துக்கொள்ளும், கரி தானாக எரிந்துகொண்டிருக்கும். விசிறிக் கட்டுப்பாடுகள் பல 12 வோல்ட்டில் ஓடுவதால் சிறு பேட்டரியே அவற்றுக்குப் போதும்.

உலைக்களம் | பிற்பகல் 12:20

தடை என்று நினைக்கும் பல நிகழ்வுகள் ஊர்த்தடையே அல்ல என்பதையும் இங்கே பதிய வேண்டும். வெளிச்சுவரில் இருக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் (மின்கசிவு கண்டதும் தானாக மின்சாரத்தைத் துண்டிப்பது) மட்டும் விழுந்திருக்கும், வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மழை ஈரம் பிளக்கில் இறங்கினாலோ, பற்றவைப்புக் கம்பியின் காப்பு பழுதாகி மின்கசிவு ஏற்பட்டாலோ அது விழும். கம்பி பழுதென்றால் தொடக்க நிமிடங்களிலேயே, அது சூடாகும்போது விழும், நடுச்சமையலில் விழுந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். அந்த பிளக்கின் மீட்பு (ரீசெட்) பொத்தானை அழுத்துவதற்கு முன், கிரில்லின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான் மேலே எழுதிய கிண்ணச் சோதனையைச் செய்யுங்கள்.

இந்தக் கருவி ஏன் இப்படி இருக்கிறது என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். 1980களில் ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சலில் ஜோ ட்ரேகர் இதை உருவாக்கி 1986இல் காப்புரிமை பெற்றபோது, வீடுகளைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பின் நுட்பமே சமையலுக்கு வந்தது. ஆளில்லாமல் ஓர் இரவு முழுவதும் சீராக எரியும் விறகுத் தீ என்பது அந்த ஆகரும் விசிறியும் தந்த கொடை. அந்த வசதியை நம்பித் தூங்கப்போகிறவர் அவற்றுக்கு மின்சாரம் தடையின்றிக் கிடைக்கவும் வழி செய்துதான் ஆக வேண்டும்.

தூக்கத்தைக் கலைக்கும் ஓர் அறிவிப்பும் வேண்டும். கிரில்லின் செயலியை மட்டும் நம்ப முடியாது, மின்சாரம் போனால் வைஃபை ரூட்டரும் சேர்ந்தே அணைகிறது, செயலி அமைதியாகிவிடுகிறது. பேட்டரியில் ஓடி, வைஃபை இல்லாமல் வானொலி அலையில் பேசும் இரட்டை வெப்பமானி ஒன்றைப் படுக்கையருகே வையுங்கள். கிரில்லின் உள்வெப்பத்துக்குக் கீழ் எல்லையாக 190 வைத்தால், தீ அணைந்த சற்று நேரத்தில் அது கத்தும். இரவுச் சமையலில் நான் அதிகம் நம்புவது அந்தச் சிறு கருவியைத்தான், மின்நிலையப் பெட்டியைவிடவும்.

கேட்டி வாசி | மாலை 5:45

விருந்து நல்லபடியாக முடிந்தது. மதியமே கிரில்லையும் சரிசெய்துவிட்டேன். ஆகர் வாயில் ஓர் அங்குலம் போலக் கருகிய பெல்லட் இருந்தது, மூடியைத் திறந்து வைத்து அதை வெளியேற்றியபின், காலிக் கிண்ணத்தோடு புதிதாகத் தொடங்கினேன். முதலில் சற்றே வெள்ளைப் புகை, பிறகு தெளிந்த நீலப்புகையோடு 225இல் நின்றது.

ஒரு கேள்வி மட்டும் மீதம். என்னிடம் 150 வாட் கார் இன்வெர்ட்டர் இருக்கிறது, தூய சைன் அலைதான். மின்நிலையப் பெட்டி வாங்கும்வரை அதை வைத்துச் சமாளிக்கலாமா? பற்றவைப்பதற்கு என்ன வழி?

மின்னோட்டம் | மாலை 6:10

சமாளிக்கலாம், ஆனால் கிரில்லின் கையேட்டில் கைமுறைப் பற்றவைப்பு முறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொதுவான வழி இது: மூடியைத் திறந்து, காலிக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட் போட்டு, கரி பற்றவைக்கும் ஜெல்லைச் சிறிது தடவி நெருப்பு வைத்து, சுடர் நன்றாகப் பிடித்தபின் தகடுகளையும் வலையையும் மாட்டி, கன்ட்ரோலரை இயக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கன்ட்ரோலர் தொடங்கும்போது கம்பிக்கும் மின்சாரம் அனுப்பப் பார்க்கும், 300 வாட் கேட்டதும் உங்கள் இன்வெர்ட்டர் விழுந்துவிடும். கம்பியின் இணைப்பைத் தனியாகக் கழற்ற முடிகிற வடிவமாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வழியை முயல வேண்டும். கழற்ற முடியாத வடிவமென்றால் வேண்டாம்.

காரை வெளியில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டே இன்வெர்ட்டரைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் நின்றிருந்தால் காரின் பேட்டரி காலைக்குள் இறங்கிவிடும்.

உலைக்களம் | மாலை 6:18

ஜெல்லைத் தீ எரியத் தொடங்கியபின் இன்னொரு முறை சேர்க்காதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் போன்ற எதையும் கிண்ணத்தின் அருகே கொண்டுவராதீர்கள்.